காப்பில்லா வண்டிகளும் கதியற்ற குடும்பங்களும்

மோட்டார் வண்டி வைத்திருப்பவர் எவரும் மூன்றாம் தரப்பு இன்ஷூரன்ஸ் இல்லாமல் அதைப் பொதுச் சாலையில் ஓட்டக்கூடாது என்பது இந்நாட்டின் சட்டம். இது நேற்று வந்த சட்டமல்ல. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் இருந்த இன்ஷூரன்ஸ் அத்தியாயம் 1946 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. இன்றுள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146ஆவது பிரிவும் அதையே வலியுறுத்துகிறது. ஆனால், சட்டம் ஏட்டிலே இருக்கிறது. காப்பில்லாத வண்டி ரோட்டிலே ஓடுகிறது. நாட்டில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இன்ஷூரன்ஸ் இல்லை என்பது அரசுத் தரப்பே ஒப்புக்கொண்ட கணக்கு.

இதனால் பாதிக்கப்படுவோர் யார்? 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இருசக்கர வண்டியில் சென்றவர்களும் நடந்து சென்றவர்களும்தான். விடியுமுன்னே சைக்கிளில் இட்லிப் பாத்திரம் ஏற்றிச் செல்லும் தாராவித் தமிழன், கட்டட வேலை முடிந்து மான்கூர்டு சாலையைக் கடந்து குடிசைக்குத் திரும்பும் சித்தாள் பெண், வீடு வீடாகப் பொட்டலம் கொண்டு சேர்க்கும் நம் இளைஞன் — இவர்கள்தாம் அந்தக் கணக்கில் அடிபடும் மக்கள். காருக்குள் கதவடைத்துச் செல்பவனுக்கு உள்ள காப்பு இவர்களுக்கு இல்லை.

மோதிய வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால், மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகையைக் கம்பெனி கட்டியாக வேண்டும். ஓட்டியவனிடம் சரியான லைசென்ஸ் இல்லை என்றாலும், பொதுவாக முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள் என்று நீதிமன்றங்கள் கம்பெனிக்கு உத்தரவிடுகின்றன. ஆனால் பாலிசியே இல்லை என்றால் எந்தக் கம்பெனியிடம் கேட்பது? தீர்ப்பு வண்டிக்காரர்மேல் மட்டும் வரும். பழைய டெம்போ ஒன்றைக் கடனில் வாங்கி ஓட்டுபவரிடம் பத்து லட்சத்துக்குத் தீர்ப்பு வாங்கி என்ன செய்வது? சட்டம் போட்டு மாட்டி வைக்கலாம், சோறு வராது.

இன்னொரு கொடுமையையும் கேளுங்கள். மோதிவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியாவிட்டால், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் படுகாயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாயும் அரசு நிதியிலிருந்து கிடைக்கும். 2022 ஏப்ரல் முதல் இந்தத் தொகை நடப்பில் உள்ளது. அதற்கு முன் இது வெறும் 25,000, 12,500 ரூபாயாக இருந்தது. ஆனால் வண்டி பிடிபட்டு, அதற்கு இன்ஷூரன்ஸ் இல்லை என்று தெரிந்தால், அந்த 2 லட்சமும் இல்லை! குற்றவாளி தெரியாதவனாக இருந்தால் உதவி. தெரிந்தவனாக இருந்தால் கைவிரிப்பு. இது என்ன நியாயம்?

இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. காப்பில்லா வண்டியால் பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கொடுக்க எல்லா இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் சேர்ந்து பொறுப்பேற்கும் பொது அமைப்பு ஒன்றைப் பிரிட்டன் 1946லேயே ஏற்படுத்தியது. கட்டாய இன்ஷூரன்ஸ் இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததும் அதே 1946தான்! வெள்ளையன் நாட்டிலிருந்து சட்டத்தை எடுத்துக்கொண்டவர்கள், அந்தச் சட்டத்தின் ஓட்டையை அடைக்கும் ஏற்பாட்டை அங்கேயே விட்டுவிட்டார்கள். சுதந்திர இந்தியாவின் எத்தனையோ ஆட்சிகளும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தண்டனை என்று ஒன்று இருக்கிறது. இன்ஷூரன்ஸ் இல்லாமல் முதல் முறை பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை 4,000 ரூபாய். பிடிபடாதவரை லாபம் என்று எண்ணுகிறவனை இந்த அபராதம் தடுக்கவில்லை. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ராஜசேகரன் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் பயனாக, 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்றாண்டும் இருசக்கர வண்டிகளுக்கு ஐந்தாண்டும் சேர்த்தே மூன்றாம் தரப்பு பாலிசி எடுக்க வேண்டும் என்றாயிற்று. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஆண்டுகள் முடிந்தபின் புதுப்பிக்கிறார்களா என்று கேட்பார் இல்லை.

அதே 2018 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் இன்னொரு முக்கியமான உத்தரவும் இட்டது. விபத்தில் சிக்கிய வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லையானால், சொந்தக்காரர் தக்க ஜாமீன் கட்டாமல் அதை விடுவிக்கக் கூடாது. மூன்று மாதத்தில் கட்டாவிட்டால் ஏலம் விட்டு, பணத்தைத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும். இதற்கேற்ப மாநிலங்கள் விதிகளைத் திருத்த வேண்டும் என்பது அந்த உத்தரவு. இதை நம் மக்கள் அறிந்திருக்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போதே இந்த உத்தரவைச் சொல்லி எழுத்து மூலம் மனுக் கொடுக்க வேண்டும். வண்டி வெளியே போய்விட்டால் குடும்பத்துக்கு இருந்த ஒரே பிடியும் போய்விடும்.

எனவே நாம் மைய அரசையும் மாநில அரசுகளையும் கேட்பது இவை:

ஒன்று: காப்பில்லா வண்டியால் பாதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பாயம் விதிக்கும் முழுத் தொகையையும் மோட்டார் வாகன விபத்து நிதியிலிருந்து முதலில் கொடுக்க வேண்டும். வண்டிக்காரரிடம் வசூலிப்பது அரசின் வேலையாக இருக்கட்டும்; விதவையின் வேலையாக வேண்டாம்.

இரண்டு: அதுவரை, வண்டி தெரியாத விபத்துக்குக் கொடுக்கும் 2 லட்சத்தையாவது இவர்களுக்கும் கொடுக்க வேண்டும்.

மூன்று: 2018 உத்தரவு ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் நடைமுறையாக வேண்டும்.

அரசு அசையும்வரை நாம் கைகட்டி நிற்பதா? கூடாது. நம்மால் ஆவதை இன்றே செய்யலாம்.

18 முதல் 70 வயது வரை உள்ள எவரும், தம் பாங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டிப் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம். விபத்தில் இறந்தாலோ முழு ஊனமுற்றாலோ 2 லட்சம் கிடைக்கும். மோதிய வண்டிக்குக் காப்பு உண்டா இல்லையா என்ற கேள்வியே இதில் எழாது. ஒரு வேளை டீச்செலவு! நம் கிளைத் தோழர்கள் ஒவ்வொரு சாலுக்கும் சென்று, கணக்கு வைத்திருப்போர் அனைவரையும் இதில் சேர்க்க வேண்டும். கணக்கில் அந்த 20 ரூபாய் இல்லாமல் காப்பு விட்டுப்போகாதபடி ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் நினைவூட்ட வேண்டும்.

2025 மே மாதம் வந்த திட்டப்படி, சாலை விபத்தில் அடிபட்டவருக்குக் குறிக்கப்பட்ட மருத்துவமனைகளில் ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை, முன்பணமின்றிச் சிகிச்சை பெற உரிமை உண்டு. முன்பணம் கேட்டால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

வழக்குத் தொடர விபத்து நடந்த ஊரில்தான் தங்க வேண்டும் என்பதில்லை. மனுதாரர் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் மனுப்போடலாம் என்று 166ஆவது பிரிவு சொல்கிறது. பம்பாயில் கணவனை இழந்து திருநெல்வேலிக்குத் திரும்பிய சகோதரி, அங்கேயே தமிழ் தெரிந்த வக்கீல் வைத்து வழக்காடலாம். பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் தரச் சட்ட உதவி மையங்கள் கடமைப்பட்டவை. ஆனால் ஆறு மாதத்துக்குள் மனுப்போட வேண்டும் என்று திருத்தப்பட்ட சட்டம் கெடு விதித்திருக்கிறது. காரியம் முடியட்டும், கடன் தீரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். ஊருக்குப் புறப்படுமுன் முதல் தகவல் அறிக்கை, பஞ்சநாமா, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். மராத்தியில் இருந்தால் நம் கிளைத் தோழர்களிடம் காட்டிப் படித்துத் தெரிந்துகொண்டு செல்லுங்கள். கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று பேரம் பேசி வரும் தரகரை வாசலோடு அனுப்புங்கள். அப்படிப் பங்கு பேசுவது வக்கீல் தொழில் விதிக்கே விரோதமானது.

இறுதியாக நம்மவர்க்கும் ஒரு சொல். வண்டி ஓட்டிப் பிழைக்கும் தமிழர் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். காலாவதியான பாலிசியோடு ஓடும் வண்டிகளில் நம்முடையவையும் உண்டு. 75 முதல் 150 சி.சி. வரையுள்ள இருசக்கர வண்டிக்கு 2022இல் நிர்ணயித்த மூன்றாம் தரப்புக் கட்டணம் வரி நீங்கலாக 714 ரூபாய். அதை மிச்சம் பிடித்து ஓட்டி, நாளை இன்னொரு ஏழையின் காலை முறித்தால், ஊரில் உள்ள வீடும் ஜப்திக்கு வரும். அந்த ஏழைக்கும் விடிவு வராது. வெறும் மூன்றாம் தரப்பு பாலிசியில் பின்னால் உட்கார்ந்து வரும் மனைவிக்குக் காப்பு இல்லை. சரக்கு வண்டியில் கூலிக்காரர்களை ஏற்றினால் அவர்களுக்கும் பெரும்பாலும் இல்லை. பாலிசி எடுக்கும்போதே இவற்றைக் கேட்டு எடுங்கள்.

உழைக்க வந்த ஊரில் நம் உயிருக்கு விலையில்லை என்ற நிலையை ஏற்க முடியாது. அரசிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நம் வண்டிக்கு நாமே காப்பு எடுத்துவிட்டுக் கேட்டால் அந்தக் குரலுக்கு வலு அதிகம். வரும் மாதக் கிளைக் கூட்டங்களில் இதை முதல் பொருளாக எடுத்துப் பேசுமாறு தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.