மனநல மருத்துவமனைகள் மாறுவது எப்போது?

2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீக்கு இரையாயினர். அக்கொடுமைக்குப் பின் 16 ஆண்டுகள் கழித்து, 2017-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. தனி அறையில் அடைக்கலாகாது, கட்டாயமாக மொட்டையடிக்கலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது.

ஆயினும், 46 அரசு மனநல மருத்துவமனைகளில் நோயாளிகள் மனிதாபிமானமற்ற முறையில் நடத்தப்படுவதாகவும், குணமடைந்தோரும் சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டிருப்பதாகவும் 2023 ஜனவரியில் தேசிய மனித உரிமை ஆணையம் கூறியது. மத்திய, மாநில அரசுகளுக்கு நோட்டீஸும் அனுப்பியது.

இம்மருத்துவமனைகளுக்கு வருவோரில் பலர் குடும்ப வன்முறை, பாலியல் கொடுமை, கலவரம் போன்றவற்றால் ஏற்கெனவே மனம் காயப்பட்டவர்கள். அவர்களைக் கட்டிலில் கட்டுவதும், சொல்லாமல் தொடுவதும் பழைய காயத்தையே கிளறுகின்றன. நோயாளி அச்சத்தில் அலறினால் அதுவும் நோயின் அறிகுறியாகக் குறிக்கப்படுகிறது. மருந்தின் அளவு கூடுகிறது.

மருத்துவர் நோயாளியுடன் இருப்பது சில நிமிடங்களே. மற்ற நேரமெல்லாம் வார்டு உதவியாளரும் காவலாளியும்தான். எனவே பயிற்சி அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும். செய்யப் போவதை முன்கூட்டியே சொல்லி, இசைவு பெற்ற பின்னரே நெருங்க அவர்கள் பழக வேண்டும்.

நோயாளியைக் கட்டி வைத்த ஒவ்வொரு நிகழ்வையும் காரணத்துடன் பதிவு செய்து, மாதந்தோறும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அந்த அறிக்கைகளை வாரியங்கள் கண்டிப்புடன் கேட்டுப் பெற வேண்டும். இதைக்கூடச் செய்யாவிடில், ஏர்வாடியில் மாண்டவர்களின் பெயரால் வந்த சீர்திருத்தம் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.