வானத்தை வரைந்தவர்கள்

மாலையில் மறையும் கதிரவன் மறுநாள் வருவானா? இக்கேள்விக்குப் பண்டைய எகிப்தியர் ஓவியத்தால் விடை கூறினர். வானமாகிய நூத் தேவி, பூமியாகிய கெபின் மேல் வில்லென வளைந்து நிற்கிறாள். காற்றாகிய ஷூ அவளைத் தாங்குகிறான். மாலையில் கதிரவனை விழுங்கும் அவள், விடியலில் மீண்டும் ஈன்றெடுக்கிறாள். மன்னர் பள்ளத்தாக்கில், ஆறாம் ராம்சேஸின் கல்லறைக் கூரையில் 3,100 ஆண்டுகளுக்கும் மேலாக இக்காட்சி நிலைத்திருக்கிறது.

இக்காலக் கலைஞரும் எகிப்தை நாடுகின்றனர். ஆயினும், வெறும் அலங்காரத்திற்காகப் பிரமிடையும் கண் சின்னத்தையும் எடுத்தாள்வோரே மிகுதி. நாங்கள் மட்டும் என்ன? ஓவிய நோட்டின் அட்டையில் அக்கண்ணை வரைந்து மகிழ்ந்தோம். சேத்துடன் நடந்த போரில் காயமுற்றுப் பின் குணமான ஹோரஸின் கண் அது என்று பிறகுதான் படித்தறிந்தோம், வெட்கமும் அடைந்தோம்.

ஜெர்மானிய ஓவியர் ஆன்செல்ம் கீஃபர், 1985-87இல் படைத்த ‘ஒசைரிஸும் ஐசிஸும்’ ஓவியத்தில், உடைந்த பீங்கான் துண்டுகளைச் செம்புக் கம்பிகளால் இணைத்தார். துண்டாடப்பட்ட கணவனின் உடலை ஐசிஸ் தேடிச் சேர்த்த கதையை உணர்ந்தவரன்றோ அவர்! அமெரிக்கக் கலைஞர் லாரன் ஹால்சி அம்மையார், 2023இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் மொட்டைமாடியில் எகிப்தியப் பாணியில் மண்டபம் எழுப்பி, ஸ்பிங்ஸ் சிலைகளுக்குத் தம் குடும்பத்தாரின் முகங்களைச் சூட்டினார்.

“பிற சமயக் கதை நமக்கு எதற்கு?” எனச் சிலர் வினவலாம். வணங்குவதற்கன்று, இருளுக்கு அஞ்சிய மனிதன் நம்பிக்கையை எவ்வாறு வரைந்தான் என்று அறிவதற்கே. உருவத்தைக் கடன் வாங்குவது எளிது. உட்பொருளைத் தேடுவதே கலைஞனின் கடமை. தோழியரே, தூரிகையைத் தொடுமுன் பொருளைத் தேடுவோம்!