சைக்கிள் கொடுத்தாயிற்று, முகாம் எப்போது?

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் எங்கள் பக்கத்து அரசுப் பள்ளிகளின் கேட்டில் பூட்டு விழுந்துவிடும். ஜூன் வரை மைதானத்தில் ஆடுதான் மேயும். அதே நாட்களில் திருச்சியிலும் புதுக்கோட்டை டவுனிலும் கோடை முகாம் தட்டிகள் வரிசை கட்டும்: அபாகஸ், கராத்தே, நீச்சல், ரோபோ செய்வது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் மாவட்ட விளையாட்டரங்குகளில் கோடைப் பயிற்சி முகாம் நடத்துகிறது. நல்ல காரியம். ஆனால் விடியற்காலையில் அங்கே போய் நிற்க வேண்டுமானால் பிள்ளை டவுனில் இருக்க வேண்டும். அன்னவாசலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ஊர்ப் பிள்ளைக்கு அந்த முகாம் பேப்பரில் பார்க்கிற படம் மட்டுமே.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கோடை முகாம்தான் நடத்த முடியும் என்றால், அது சைக்கிள் முகாமாக இருக்கட்டும் என்பேன். ஓட்டக் கற்பது, ரிப்பேர் பார்ப்பது, ரோட்டில் பத்திரமாகப் போய்வருவது, இந்த மூன்றும் சேர்ந்த முகாம். ஊராட்சி தோறும் நடக்க வேண்டும். அதை அரசே ஏற்று நடத்த வேண்டும்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இது புதிய யோசனை இல்லை. 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போன தொண்டர்களில் நானும் ஒருத்தி. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த நேரம். களையெடுத்தும் கல்லுடைத்தும் வந்த பெண்கள், சோறாக்கி வைத்துவிட்டு, ராத்திரியில் சிலேட்டோடு வந்து உட்காருவார்கள். வகுப்பு முடியும்போது கடைசி பஸ் போயிருக்கும். அடுத்த ஊர்க்காரத் தொண்டர் வீடு திரும்ப வேண்டுமென்றால் யாராவது அண்ணனோ சித்தப்பாவோ வந்து கூட்டிப்போக வேண்டும். பெண்கள் வெளியே வர வேண்டும், வந்து சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்குக் காலில் ஒரு வண்டி வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் சைக்கிளையும் பாடத்தில் சேர்த்தார்கள்.

ஊர் என்ன பேசியது என்பதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. அத்தனை அசிங்கமாகப் பேசினார்கள். பேசிய வாய் ஓய்வதற்குள் பெண்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, பெல்லை விடாமல் அடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் போனார்கள். மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிளுக்கு வந்துவிட்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். லேடீஸ் சைக்கிள் கடைகளில் கிடைக்காமல் போனது. அதனால் ஜென்ட்ஸ் சைக்கிளே வாங்கினார்கள். முன் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. குடுமியான்மலை கல் குவாரிப் பெண்கள் வேலைக்கு சைக்கிளில் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

அத்தனையும் எப்படி நடந்தது? முகாம் போட்டதால் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, திறந்த மைதானம், கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓட ஒரு ஆள், விழுந்தால் கைதூக்கிவிட நாலு பேர். சைக்கிளை மட்டும் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தால் அதை வீட்டு ஆண்கள் எடுத்துப் போயிருப்பார்கள்.

இப்போது சைக்கிளுக்குக் குறைவில்லை. 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கிய திட்டம் பிறகு விரிந்து, அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 11-ஆம் வகுப்புப் படிக்கும் மாணவ, மாணவிகளுக்கெல்லாம் விலையில்லா சைக்கிள் கிடைக்கிறது. இந்தத் திட்டத்தைக் குறை சொல்பவர்களோடு நான் ஆண்டுக்கணக்காகச் சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். அந்த சைக்கிள் இல்லாவிட்டால் பிளஸ் டூ முடித்திருக்க மாட்டாள் என்று நான் பெயர் சொல்லிக் காட்டக்கூடிய பெண்கள் இருக்கிறார்கள். ஒருத்தி இன்று அரசு மருத்துவமனையில் செவிலியர்.

ஆனால் கொடுத்த பிறகு நடப்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மேடை போட்டு விழா நடக்கும். மறுவாரமே நட்டு தளர்ந்து கைப்பிடி ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம் பார்க்கும். பிரேக் கட்டை ரிம்மில் படாது. சில மாதத்தில் பின் டயர் பஞ்சர். ஊருக்குள் இருந்த சைக்கிள் கடை மூடிப் பல வருஷமாகிறது. மெயின் ரோட்டில் இருப்பதோ டூவீலர் பஞ்சர் கடை. அதுவரை தள்ளிக்கொண்டு போக அந்தப் பிள்ளைக்கு நேரம் ஏது? அப்பாவுக்கோ ஒருநாள் கூலி போய்விடும். சைக்கிள் தாழ்வாரத்தில் நெல் மூட்டைக்குப் பின்னால் போய்ச் சேரும். பிறகு ஒருநாள் பழைய இரும்புக்காரர் வருவார். இருபது ரூபாய்ப் பொருளும் அரை மணி நேரமும் இருந்தால் பிழைத்திருக்கக்கூடிய வண்டி அது.

இன்னொன்று, 11-ஆம் வகுப்பில் கொடுப்பது பல பிள்ளைகளுக்குக் காலம் கடந்து கொடுப்பது. எட்டாவதோடு உள்ளூர் நடுநிலைப் பள்ளி முடிந்துவிடுகிறது. ஒன்பதாவதுக்கு வேறு ஊர் போக வேண்டும். பெண்பிள்ளை நிற்பது அந்த இடத்தில்தான். 2006-ல் பீகார் அரசு 9-ஆம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கத் தொடங்கியது. பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்து பார்த்தபோது, அந்த வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்கள் 32 சதவீதம் கூடியிருந்தார்கள். அந்தக் கூடுதலில் பெரும்பங்கு பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊர்களிலிருந்து வந்தது. எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவே வருகிற மே மாதத்தை நாம் என்ன செய்கிறோம் என்று அதைப் படித்த அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு நானும் பழைய அறிவொளித் தோழிகள் சிலரும் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் அப்படியொரு முகாம் நடத்துகிறோம். தலைமையாசிரியர் சாவி தருகிறார். அக்னி நட்சத்திரம் என்பதால் காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடுவோம். புது சைக்கிள் எதுவும் கிடையாது. அக்கா, அண்ணன் வாங்கி வந்து மூலையில் கிடப்பவற்றைப் பிள்ளைகள் தள்ளிக்கொண்டு வருவார்கள். முதல் வாரம் யாரும் ஓட்டுவதில்லை, ரிப்பேர்தான்.

சொல்லிக்கொடுப்பவர் ஒருகாலத்தில் மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் விட்ட கடைக்காரர். எழுபதைத் தாண்டிவிட்டார். போன முகாமில் எட்டாவது முடித்த ஒரு பெண் பின் டயரைக் கழற்ற ஸ்பூன் காம்பைச் செருகினாள். "பாப்பா, அதப் போட்டு நெம்பாத, டியூபக் கடிச்சிரும்" என்று டயர் லீவரைக் கையில் கொடுத்தார். டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர் பேசினில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் சரம் போலக் குமிழி கிளம்பியது. "ஓட்டை தெரிஞ்சிருச்சு தாத்தா!" அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஓட்டை தெரிஞ்சாப் பத்துமா? முள்ளு எங்க?" அவள் டயரின் உட்புறத்தில் விரலை மெதுவாக ஓட்டி, பாதிச் சுற்றில் சட்டென்று நிறுத்தினாள். கருவேல முள்ளின் நுனி, நகக்கண் அளவு. அதைப் பிடுங்காமல் ஒட்டியிருந்தால் பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் மறுபடி காற்று இறங்கியிருக்கும். அதன் பிறகுதான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை பொறுத்திருந்து, பேட்சை வைத்து அழுத்தினாள். அன்றைக்கு மற்ற பிள்ளைகளுக்குப் பஞ்சர் ஒட்டச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். பையன்களும் கற்றுக்கொண்டார்கள்.

1984-ல் தொடங்கிய, அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த 'பைக்ஸ் நாட் பாம்ப்ஸ்' என்ற அமைப்பு இளம் பிள்ளைகளைப் பழைய சைக்கிளைப் பிரித்துச் சரிசெய்ய வைத்து, முடித்ததும் அந்த சைக்கிளை அவர்களுக்கே கொடுத்துவிடுகிறது. தன் கையால் பூட்டிய வண்டியை யாரும் இரும்புக்குப் போட மாட்டார்கள். எங்கள் பிள்ளைகளிடமும் அதைக் கண்டேன்.

ரிப்பேர் முடிந்து ஓட்டத் தெரிந்த பிறகு ரோடு. பெற்றோர் பயப்படுவது இதற்குத்தான், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. எங்கள் ரோட்டில் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி போய்க்கொண்டே இருக்கும். இங்கிலாந்தில் 2007-லிருந்து 'பைக்கபிலிட்டி' என்ற பயிற்சியை மூன்று படியாக வைத்திருக்கிறார்கள்: முதலில் பள்ளி மைதானம், அடுத்து போக்குவரத்துக் குறைந்த தெரு, கடைசியில் நெரிசலான ரோடு. பயிற்சியாளர் கூடவே போவார். நாங்களும் அந்த வரிசையில்தான் போகிறோம். லாரியின் இடப்பக்கம் டிரைவர் கண்ணுக்குத் தெரியாத இடம் எது என்பதை, நின்றுகொண்டிருக்கும் லாரியின் சீட்டில் பிள்ளைகளை ஏற்றி உட்காரவைத்தே காட்டினோம். கீழே சைக்கிளோடு நின்ற தோழியைக் காணவில்லை என்று ஒரு பையன் மேலேயிருந்து கத்தினான். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"இப்ப யாரு டீச்சர் சைக்கிள் ஓட்டுறா? ஸ்கூட்டி வாங்கிக் குடுத்துர்றோம்" என்கிற அப்பாக்களும் உண்டு. 16 வயதில் கிடைக்கும் லைசென்ஸ் 50 சிசி வரையுள்ள கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான். நம் வீடுகளில் நிற்கும் ஸ்கூட்டருக்கு 18 ஆக வேண்டும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். சட்டத்தை விடுங்கள். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை இரண்டு பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஹெல்மெட் இல்லாமல் பறப்பதைத் தினமும் பார்க்கிறோமே, அடிவயிறு கலங்கவில்லையா? பெண்களுக்குக் கட்டணமில்லா டவுன் பஸ் வந்தது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வெளியே வரும் நேரத்துக்கு எங்கள் ஊருக்கு பஸ் இல்லை.

செலவு என்று பார்த்தால் மெக்கானிக்குக் கூலி, காற்றடிக்கும் பம்ப், ஸ்பேனர் செட் இரண்டு, பேட்ச், சொல்யூஷன், வால்வு டியூப், முதலுதவிப் பெட்டி, எட்டரை மணிக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் மோர். ஊராட்சியால் முடியாத தொகை இல்லை. முடியாதது அனுமதி. எங்கள் தலைமையாசிரியர் துணிந்து சாவி தருகிறார். எல்லாரும் தர மாட்டார்கள், ஒரு பிள்ளைக்குக் கை முறிந்தால் யார் பதில் சொல்வது என்ற கேள்வி அவர்களுக்கு இருக்கிறது. அதனால்தான் அரசாணை கேட்கிறேன். மே மாதம் பள்ளி மைதானம் முகாமுக்குத் திறந்திருக்கும், வரும் பிள்ளைகளுக்குக் காப்பீடு உண்டு, மெக்கானிக் கூலியை ஊராட்சி கொடுக்கலாம் என்று பள்ளிக் கல்வித்துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் சேர்ந்து ஒரு பக்கத்தில் எழுதித் தந்தால் போதும். கூடவே, சைக்கிளை 9-ஆம் வகுப்பிலேயே கொடுங்கள். ஒவ்வொரு சைக்கிளோடும் ஒரு பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமான்களும் கொடுங்கள்.

மார்ச் 22 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எங்கள் ஊரில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். மே 1 கிராம சபைக்குக் கொண்டுபோனால் விடுமுறை பாதி போய்விடும். உங்கள் ஊரிலும் யாராவது எழுந்து கேளுங்கள். ஊரில் பழைய சைக்கிள் கடைக்காரர் இருந்தால் அவரையும் கையோடு கூட்டிப்போங்கள். எத்தனை பேட்ச் வேண்டும், என்ன ஆகும் என்று கணக்குச் சொல்ல அவரைவிட்டால் ஆள் இல்லை.