ரைஸ் குக்கர் யாருடைய சுமையைக் குறைக்கிறது?



உடையார்பாளையம் போன்ற சிற்றூர்களிலும் ரைஸ் குக்கர் இன்று அரிய பொருளன்று. வளைகுடாவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் சகோதரர்கள் பலருக்கு அதுவே முழுச் சமையலறை. ஆயினும் ஊர் திரும்பியதும் அதன் விசையை அழுத்துவதுகூடப் பெண்களின் வேலை என்று எண்ணிவிடுகிறோம். கருவியை வாங்குமுன் இந்த எண்ணத்தை மாற்றுவது அவசியம்.

1955-ஆம் ஆண்டு ஜப்பானின் தோஷிபா நிறுவனம் தானியங்கி ரைஸ் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனை உருவாக்கிய யோஷிததா மினாமி ஒரு சிறு தொழிற்கூடம் நடத்தியவர். திரும்பத் திரும்பச் சோறு சமைத்துச் சோதித்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. ஒரு பெண்ணின் உழைப்பில் பிறந்த கருவி அது.

அதன் இயக்கம் எளிது. நீர் உள்ளவரை பாத்திரத்தின் வெப்பம் ஏறத்தாழ 100 பாகையிலேயே நிற்கும். அரிசி நீரை உறிஞ்சி முடித்ததும் வெப்பம் உயரும். அடியிலுள்ள காந்தம் பிடிப்பை இழக்க, விசை தானாக விடுபடும். ஆகவே நீரின் அளவே முக்கியம். பச்சரிசி ஒரு பங்குக்கு இரண்டு பங்கு நீர், புழுங்கல் அரிசிக்கு ஏறத்தாழ மூன்று பங்கு. அரை மணி நேரம் ஊறவைப்பது நன்று.

நால்வர் கொண்ட குடும்பத்திற்கு 1 லிட்டர் போதும். ஆறேழு பேருக்கு 1.8 லிட்டர். என்றோ வரும் விருந்தை எண்ணிப் பெரிதாக வாங்காதீர்கள். பாத்திரம் பெரிதானால் அரிசி அள்ளும் கையும் தாராளமாகும். மிஞ்சிய சோறு குப்பைக்குப் போகும். வீண்விரயம் செய்வோரை அல்லாஹ் நேசிப்பதில்லை என்பதை நாம் அறிவோம். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் மூன்று முனைப் பிளக்கையும் பார்த்து வாங்குங்கள். உள்பாத்திரத்தின் அடியை ஈரமின்றித் துடைத்த பின்பே வையுங்கள்.

மின்கட்டணம் குறித்த அச்சம் வேண்டாம். 700 வாட் குக்கர் நாற்பது நிமிடம் இயங்கினாலும் அரை யூனிட்டுக்குள் அடங்கும். நாள்தோறும் ஒருமுறை சமைத்தால் இரண்டு மாதத்திற்கு முப்பது யூனிட்டைத் தாண்டாது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு அக்காலத்தில் 100 யூனிட் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

ரமளானை எண்ணிப் பாருங்கள். சஹர் சமைக்க எல்லோருக்கும் முன்னே எழுபவர் வீட்டுப் பெண்ணே, அவரும் நோன்பாளிதான். தஹஜ்ஜுதுக்கு எழும் ஆண், ஊறிய அரிசியைக் குக்கரில் இட்டு விசையை அழுத்திவிட்டுத் தொழுகைக்கு நிற்கலாம். தொழுது முடிக்கையில் சோறு ஆயத்தமாக இருக்கும். அப்பெண்ணுக்கு அரை மணி நேர உறக்கமோ, இரண்டு ரக்அத் தொழுகையோ கிடைக்கும்.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கையில் குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்தார்கள். தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். குக்கர் வாங்கித் தருவது அன்பளிப்பு. அதனை இயக்கக் கற்றுக்கொள்வதே சுன்னத்தின் வழி.

அல்லாஹ் நம் இல்லங்களில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.