பங்குனி மழையும் லயத்துப் பாத்தியும்

சப்ரகமுவ மாகாணத்துக்கு வசந்த ருது என்று ஒன்று உண்டானால், அதன் வருகையை முதலில் அறிவிப்பவை இறப்பர் மரங்களே. மாசியில் இலைகளையெல்லாம் உதிர்த்து, எட்டியாந்தோட்டையிலும் தெஹியோவிட்டவிலும் மலைச்சரிவு முழுவதும் வெறுங்கிளையாய் நின்ற அம்மரங்கள், பங்குனி பிறந்ததும் செம்பு நிறத் தளிர் விட்டு, சில வாரங்களுக்குள் பழைய பசுமையைப் பூண்டுவிடுகின்றன. இலையுதிர்ந்த காலத்தில் பால் குறையும். பால் குறைந்தால் வெட்டுகிறவர்களுக்கு வேலையும் குறையும். அதையடுத்து, காலை வெயிலுக்குப் பின் மாலையில் இடியோடு பெய்யும் மழை தொடங்குகிறது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெறும் இரத்தினபுரிப் பிரதேசத்தில், வைகாசியில் தென்மேற்குப் பருவமழை வந்து பாத்திகளைக் கரைப்பதற்கு முன், மண் நெகிழ்ந்தும் வேர் அழுகாமலும் இருக்கும் இந்தச் சில வாரங்களே மரக்கறிப் பயிருக்கு இயற்கை அளித்த அவகாசம். இப்பருவத்தில் தோட்டத்து ஜனங்களுக்கு இல்லாதது நிலம் ஒன்றுதான்.

தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் பின்புறம், குசினிச் சுவருக்கும் கானுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய துண்டில் அவர்கள் செய்கிற விவசாயத்தை நெருங்கி நின்று பார்த்தவர்கள், அதைச் சிறு காரியமென்று சொல்லத் துணியமாட்டார்கள். நீர் தேங்காதபடி பாத்தியை உயர்த்தி, மண் சரியாதபடி விளிம்புக்குக் கல் அடுக்குகிறார்கள். பயற்றங்கொடிக்கு நடுவது கிளிரிசீடியாக் கொம்பு. மழை கண்டதும் அது தானே வேர்பிடித்துத் துளிர்க்கிறது. அந்தத் துளிரை ஒடித்துப் பாத்தியிலேயே போட, கொடியைத் தாங்கிய கொம்பே கொடிக்கு எருவும் ஆகிறது. பாகற்பிஞ்சை ஈ குத்தாமலிருக்கக் காகிதத்தைச் சுருட்டிக் கட்டுகிறார்கள். கத்தரியிலையில் அடுப்புச் சாம்பலைத் தூவுகிறார்கள். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, இருட்டுவதற்குள் கிடைக்கிற சொற்ப நேரத்தில் ஒரு பெண் செய்து முடிக்கிற காரியங்கள் இவை.

ஆனால் அந்தத் துண்டு அவளுடையதன்று. 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தத்தினால் தனியாரின் பெருங்காணிகளும், 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசாங்கத்தின் வசமாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளுக்குக் கைமாறிற்று. இத்தனை கைமாற்றங்களிலும், தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணைக் கொத்தியவர்கள் காணிக்கு உரித்தாளிகளாக எண்ணப்படவேயில்லை. பிற்கால வீடமைப்புத் திட்டங்களில் சில குடும்பங்களுக்கு வாய்த்த 7 பேர்ச், ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச் என்பதை நினைவிற்கொண்டால், வீடு போக ஒரு முருங்கைக்கும் இரண்டொரு பாத்திக்கும் இடம் தருமேயன்றி ஜீவனத்துக்கு இடம் தராது. லயத்திலிருப்போருக்கோ அதுவும் இல்லை. நிர்வாகம் ஒரு பாதை வெட்ட நினைத்தால் பாத்தி போய்விடும் என்று தெரிந்தவர்கள், மூன்று மாதத்துக்குள் பலன் தருகிற பயற்றையும் கீரையையும் நடுவார்களா, பத்தாண்டுக்குப் பலன் தருகிற தேசியையும் தென்னையையும் நடுவார்களா? தோட்டத்து ஜனங்கள் நாளையைப் பற்றி நினைப்பதில்லை என்று பேசுவோர் உண்டு. அப்பேச்சைக் கேட்க எனக்குப் பொறுமையில்லை. 1977, 1981ஆம் ஆண்டுகளின் இனவன்செயல்களால் சப்ரகமுவத் தோட்டங்களை விட்டோட நேர்ந்தவர்களில் பலர், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டி மிளகாயும் கச்சானும் விளைவித்தார்களே, அவர்கள் இந்த லயங்களில் பிறந்தவர்கள்தாமே!

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீங்குவதற்குள் விளைச்சல் விழுந்ததையும், 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 வரை ஏறியதையும் எவரும் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டு ஜூனில், வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்க அமைச்சரவை இசைந்தது. மண்வெட்டி பிடித்தறியாத உத்தியோகத்தர்களுக்கு நாளை ஒதுக்கிய அந்த அக்கறை, மண்வெட்டியோடு பிறந்து வளர்ந்தவர்களின் கையில் ஒரு காணிப் பத்திரமாக வந்து சேரவில்லை.

பத்திரம் இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு உலகில் முன்மாதிரிகள் இருக்கின்றன. ஜப்பானில் 1970களில் ‘தெய்கெய்’ என்ற பெயரால் பட்டணத்துக் குடும்பங்கள் உழவர்களோடு நேருக்கு நேர் உடன்பாடு செய்துகொண்டன. அமெரிக்காவில் 1986இல் மசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இரண்டு சிறு பண்ணைகள் அவ்வகையில் தொடங்கின. பருவத் தொடக்கத்தில் அங்கத்தவர்கள் பணம் கட்டுகிறார்கள். விளைவதை வாரந்தோறும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். விளையாமற் போனால் நஷ்டத்தையும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நமது தோட்டங்களிலோ முற்பணம் என்றால் கடன் என்றே அர்த்தம். கங்காணி காலத்தில் கடனை எழுதிய ‘துண்டு’ ஒன்று தொழிலாளியின் தலைவிதியாயிருந்தது; 1921இல் அது சட்டப்படி ஒழிந்தபோதிலும், தீபாவளி அட்வான்ஸ் சம்பளத்தில் வெட்டுப்படும் வழக்கம் இன்றும் ஒழியவில்லை. பலாங்கொடையிலோ கேகாலையிலோ இருக்கிற ஓர் ஆசிரியர் குடும்பம், வல்லாரையும் பொன்னாங்காணியும் வரும் என்று நம்பி மாசியிலேயே ஒரு தொகையைக் கொடுக்குமானால், அது கடனில்லாத முற்பணமாக அந்த லயத்துக்குள் பிரவேசிக்கும். தம்புள்ளையிலும் எம்பிலிப்பிட்டியவிலும் கைமாறி, லொறியில் வாடி வருகிற கீரையை வாங்கிப் பழகிய அக்குடும்பத்துக்கும், காலையில் பறித்த கீரை மதியத்துக்குள் வீட்டுக்கு வருவது பெரிய லாபமன்றோ!

காணியைத் துண்டாடினால் பெருந்தோட்டம் அழியும் என்பது நிர்வாகங்களின் பழைய ஆட்சேபம். ஆனால் இந்நாட்டுத் தேயிலையில் மிகப் பெரும் பங்கைச் சிற்றுடைமையாளர்களே விளைவிக்கிறார்கள். சப்ரகமுவக் கிராமங்களே அதற்குச் சாட்சி. மேலும், நான் கேட்பது தேயிலை நிற்கிற நிலத்தையன்று, தரிசாய்க் கிடப்பதை. சரிவைக் கொத்தினால் மண் சரியும் என்ற மற்றொரு ஆட்சேபத்தில் நியாயம் உண்டு: 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்து மனிதர்களைப் புதைத்த பூமி இது. எந்தச் சரிவைக் கொத்தலாம், எதைத் தொடவே கூடாது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் பார்த்துச் சொன்ன பின்பே எல்லை குறிக்க வேண்டும். காட்டுப்பன்றிக்கு வேலி வேண்டும். அதைத் தனித்தனிக் குடும்பங்கள் போட இயலாதாகையால், பாத்திகள் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதே உசிதம். கம்பெனிகளின் கையிலுள்ளதே அரசாங்கம் கொடுத்த குத்தகைதான். அதற்குள்ளிருந்து நீண்டகால உள்குத்தகை ஒன்றைப் பெண்களின் பெயரிலேயே எழுதிக் கொடுப்பதற்கு அரசாங்கம் மனம் வைத்தால் போதும். பட்டணத்து வாசலில் போய் முற்பணம் கேட்கிற பெண்ணிடம், அறுவடை வரை அந்த நிலம் உன்னிடம் இருக்குமா என்று எவரேனும் கேட்டால், அப்பத்திரத்தை எடுத்துக் காட்டுவதைத் தவிர அவள் வேறு என்ன விடை சொல்ல முடியும்?