கணக்குப்பிள்ளையின் ஞாபகம்

பழைய மளிகைக் கடைகளில் கணக்குப்பிள்ளை என்று ஒருவர் இருப்பார். எந்த வீட்டில் எப்போது கலியாணம், யாருக்கு எந்த அரிசி பிடிக்கும், யாரிடம் பாக்கிக்கு ஒரு மாதம் பொறுக்கலாம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் வேலையை விட்டுப் போனால் கடையின் ஞாபகமும் அவரோடு போய்விடும்.

நம்மிடம் படித்த மாணாக்கர் ஒருவர் மூன்று கூட்டாளிகளுடன் குடிநீர் சுத்திகரிப்புக் கருவிகள் விற்றுப் பழுது பார்த்து வருகிறார். கூட்டாளிகளில் ஒருவர் திடீரென்று விலகினார். அவருடைய கைபேசியில் இருந்த வாடிக்கைக்காரர் விவரங்களும் உடன் விலகின. எந்த வீட்டுக்கு எப்போது வடிகட்டி மாற்றுவதாக வாக்களித்திருந்தார் என்பது மற்றவர்களுக்குத் தெரியவில்லை. கோபித்துக்கொண்ட வீட்டார் வேறு ஆளை அழைத்துக்கொண்டார்கள். "ஐயா, இதற்கு ஒரு மென்பொருள் வாங்கலாமா?" என்று நம்மை வந்து கேட்டார்.

இவ்வகை மென்பொருளை வியாபார உலகில் சி.ஆர்.எம். என்பார்கள். 1999-ல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் தொடங்கிய ஸேல்ஸ்போர்ஸ் கம்பெனி, இதை இணையத்தின் வழியே சந்தாவுக்குத் தரும் முறையைப் பிரபலமாக்கிற்று. ஆனால் பெரிய ஸ்தாபனங்களுக்கு ஏற்ற மென்பொருள், நாலு பேர் நடத்தும் தொழிலுக்கு யானையைக் கட்டித் தீனி போடும் காரியம். ஆகவே எளிய வகைகள் தோன்றின. நம் சென்னையின் ஜோஹோ கம்பெனி 2005-ல் ஒரு சி.ஆர்.எம். வெளியிட்டது, பின்னர் 2020-ல் சிறு தொழில்களுக்கென்றே பிகின் என்பதை வெளியிட்டது.

எளிய வகையின் குணங்கள் வெளிப்படையானவை. சீக்கிரம் கற்கலாம். வாடிக்கைக்காரரின் பெயர், கடைசியாகப் பேசியது, அடுத்துச் செய்ய வேண்டியது எல்லாம் ஓரிடத்தில் இருக்கும். குறித்த நாளில் அது ஞாபகப்படுத்தும். விசாரணை, விலை கூறல், ஆர்டர் என்ற படிகளில் எது எங்கே நிற்கிறது என்பதை எல்லோரும் ஒருங்கே காணலாம்.

குறைகளும் உண்டு. பில்லும் சரக்கிருப்பும் பெரும்பாலும் வேறிடத்தில் இருப்பதால் ஒன்றையே இருமுறை எழுத நேரும். சீனிவாசன் ஒருவரே ஸ்ரீநிவாசன் என்று மற்றொரு முறை பதிவாகி, அவருக்கு இரண்டு பேர் போன் செய்வார்கள். ஆள் கூடினால் சந்தாவும் கூடும். தொழில் வளர்ந்தால் சட்டை சிறுத்துவிடும். ஆகையால், விவரம் முழுவதையும் அட்டவணையாக வெளியே எடுக்க முடியுமா என்பதைப் பணம் கட்டுமுன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். மேலும், பிறர் விவரம் நம்மிடம் அடைக்கலப் பொருள். சம்மதம் பெற்று வாங்கிய விவரத்தைச் சொன்ன காரியத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டுத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கருத்து.

எல்லாவற்றிலும் பெரிய குறை மென்பொருளினுடையதன்று. நாம் எழுதாததை அது அறியாது. ஆகவே மாணாக்கருக்கு நாம் சொன்னது இதுதான்: "முதலில் ஒரு மாதம், எல்லோருக்கும் பொதுவான சாதாரண அட்டவணை ஒன்றில் தினமும் மாலை பத்து நிமிஷம் எழுதிப் பாருங்கள். அந்தப் பழக்கம் நிலைத்தால் வாங்குங்கள். நிலைக்காவிட்டால் பணமாவது மிஞ்சும்."

மாதம் முடிந்ததும் அட்டவணையைக் காட்டினார். ஒரு பெயருக்கு எதிரே, "பாட்டி தனியாக இருக்கிறார், காது மந்தம், மணி அடித்துவிட்டுச் சற்றுப் பொறுத்திருக்கவும்" என்று எழுதியிருந்தது. "இனி தாராளமாக வாங்கலாம்" என்றோம்.