மெஜிக் டிக்கட்டும் 'அபூர்வ சக்தி'யும்

மெஜிக்காரர் மேடை ஏறுவதில் நமக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அவருடைய போஸ்டர் நமது பிள்ளைகளிடம் சொல்லும் பொய்யில்தான் பிரச்சினை. இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வருகிறது: "விளம்பரம்தானே சேர், கூட்டிச் சொல்றது வழமைதானே." அந்த "வழமைதானே"யைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

நாடு நாடாகப் போய் வித்தை காட்டுபவருக்கு விளம்பரம்தான் சோறு. புதிய ஊர், தெரியாத சனம், மண்டபத்துக்குக் காசு கட்டியாயிற்று, கதிரைகளை நிரப்ப வேண்டும். வங்காளத்து பி.சி. சர்க்கார் 1956இல் லண்டன் போனபோதும் இதே நிலைதான். டியூக் ஒஃப் யோர்க் அரங்கில் அவருக்குத் தொடர் காட்சிகள் இருந்தன. ஏப்ரல் 9ஆம் திகதி பிபிசியின் பனோரமா நிகழ்ச்சிக்குப் போனார். 17 வயது உதவியாளரை மேசையில் படுக்க வைத்து, சுழலும் வாளால் இடுப்பில் அறுத்தார். பிறகு எழுப்பிப் பார்த்தார், எழும்பவில்லை. கையைத் தேய்த்துப் பார்த்தார், அசைவில்லை. தலையை ஆட்டிவிட்டு முகத்தைத் துணியால் மூடினார். உடனே ரிச்சர்ட் டிம்பிள்பி கெமராவுக்கு முன்னால் வந்து நிகழ்ச்சி முடிந்தது என்று சொல்லிவிட்டார். பிள்ளை செத்துப்போய்விட்டாள் என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள். பிபிசியின் தொலைபேசிகள் ஓயவில்லை. நேரம் முடிந்ததால் நிறுத்தினோம், அவள் சுகமாக இருக்கிறாள் என்று விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. மறுநாள் பத்திரிகையெல்லாம் இதே செய்தி. டிக்கட் விற்றுத் தீர்ந்தது.

இது நேர்மையா? முழுக்க இல்லை. அன்றிரவு வீட்டில் பதறிய தாய்மாருக்கு யார் பதில் சொல்வது? ஆனாலும் சர்க்கார் விற்றது ஒரு இரவுப் பயத்தைத்தான். பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்ததும் பொய் தானாகக் கலைந்துவிட்டது. மிஞ்சியது, "எப்படிச் செய்தார்?" என்ற கேள்வி. ஒரு பிள்ளையின் தலைக்குள் இருக்க வேண்டிய மிக நல்ல கேள்வி அது.

இனி ஊரி கெல்லரைப் பாருங்கள். கரண்டி வளைப்பது மேடைக்காரர்கள் பலர் செய்யும் வேலை. இவர் அதை மனச்சக்தி என்றார். நாடு நாடாகப் போனார். 1973 ஓகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவில் ஜொனி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வந்தார். கார்சன் இளமையில் மெஜிக் செய்தவர், கைவேலை எது என்று தெரிந்தவர். ஜேம்ஸ் ரண்டி என்ற மெஜிக்காரரிடமும் ஆலோசனை கேட்டிருந்தார். சாமான்களை நிகழ்ச்சிக்காரர்களே ஆயத்தம் செய்தார்கள். கெல்லரையோ அவரது ஆட்களையோ முன்கூட்டிக் கிட்ட நெருங்க விடவில்லை. அவ்வளவுதான் ஏற்பாடு. 20 நிமிடங்களுக்கு மேல் இருந்தார், ஒன்றும் நடக்கவில்லை. இன்றைக்குப் பலம் வரவில்லை என்றார்.

அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பெயர் இன்னும் பரவியது. தந்திரம் என்றால் ஒவ்வொரு முறையும் சரிவரும், உண்மையான சக்தி என்றபடியால்தான் சிலவேளை வருவதில்லை என்று நம்பியவர்கள் விளக்கம் வைத்தார்கள். தோற்றதே சாட்சியாகிவிட்டது!

நமக்குப் பயம் இந்த இடத்தில்தான். இந்தக் கணக்கை ஒரு மேடையில் பழகிய பிள்ளை, வளர்ந்த பிறகு எல்லா இடத்திலும் அதையே போடும். தகடு எழுதினவர், "பலிக்கவில்லையா, உங்களுக்கு நம்பிக்கை போதாது" என்பார். நீரிழிவைத் தண்ணீரால் மாற்றுகிறவர், "இன்னும் மூன்று போத்தல் குடியுங்கள்" என்பார். அவர்களிடம் போய் ஏமாறுவது நேற்று நமது வகுப்பில் இருந்த பிள்ளைதான்.

நமது ஆட்களில் சிலர் மெஜிக் எல்லாமே சிஹ்ர், ஹறாம் என்று ஒரே வெட்டாக வெட்டுகிறார்கள். மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் விடுகிறோம். ஆனால் துணிக்குள் முட்டையை ஒளிப்பவரை ஊரைவிட்டு விரட்டுகிற அதே ஆட்களின் செருப்பு, சூனியம் எடுப்பவரின் வாசலில் கிடப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? முட்டைக்காரராவது கேட்டால் சிரிப்பார்.

இந்த நாட்டிலேயே ஓர் ஆசிரியர் இதற்கு அளவுகோல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தாவரவியல் படிப்பித்த ஆபிரகாம் கோவூர். 1963இல் ஒரு இலட்சம் ரூபாய் பந்தயம் வைத்தார். மூடி ஒட்டிய உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் இலக்கத்தை வாசித்துக் காட்டுங்கள் என்பது அதில் ஒரு சோதனை. 1978இல் அவர் இறக்கும் வரை ஒருவராலும் வெல்ல முடியவில்லை. அவருடைய கடவுள் மறுப்பு நமக்கு உடன்பாடில்லை. அவர் கேட்ட கேள்வி நூற்றுக்கு நூறு சரி.

ஆகவே பாடசாலைக்கு டிக்கட் புத்தகம் கொண்டுவரும் ஏற்பாட்டாளர்களே, போஸ்டரிலிருந்து 'அபூர்வ சக்தி'யை எடுத்துவிட்டு, "இது கைத்திறன்" என்று ஒரு வரி போடுங்கள். போட்டால் வகுப்பு வகுப்பாக நாமே டிக்கட் விற்றுத் தருகிறோம், பிள்ளைகளோடு முன்வரிசையில் இருந்து கை தட்டுகிறோம். போட மாட்டீர்கள் என்றால், ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை உறைக்குள் போட்டு ஒட்டி அதிபரின் மேசையில் வைக்கிறோம். உங்கள் மெஜிக்காரர் வந்து இலக்கத்தை வாசிக்கட்டும், அதற்குப் பிறகு டிக்கட்டைப் பற்றிக் கதைப்போம்.